மேகம் வேண்டியவள்

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. படம் எடுக்கும் நேரத்திலேயே படகில் போய் நீரை மொண்டு சரிபார்க்க வேண்டும். மேகம் மூடினால் படம் கிடைக்காது.

சங்கரன்கோவிலில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்த காலையில் வானம் தெளிந்திருந்தது. நான் படகில் இருந்தேன். அதற்காக இத்தனை வருஷம் கழித்து நேற்றுத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அன்னைக்கு மேகம் மூடணும்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். வேலை கெட்டா வீட்டுக்கு வந்திருவியள்னு."

"அம்மன் கேக்கலையே."

"அவ என்ன செய்வா? நீங்கல்லா வரலை" என்று சிரித்தாள். நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தேன்.

"நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். வெயிலடிச்சாலும் கூட வருவியளா?"

"வாரேன்" என்றேன்.