மாமாவின் பக்கம் சுருங்கியது

எங்கள் ஊர்களில் 'பார்ட்டிஷன்' என்றால் அது காணி வழக்கு. வாப்பா போட்ட வழக்கின் தீர்ப்பை மகன் கேட்பான். அதற்குள் வேலி தன்பாட்டில் அடுத்தவன் வளவுக்குள் நடந்து போயிருக்கும். ஆகவே கிணற்றடியிலிருந்து மனைவி மூச்சு வாங்க வந்து சொன்னபோது நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இஞ்ச பாருங்க, மருமகன் போன்ல ஆரோடயோ பார்ட்டிஷன் கதைக்காரு. மாமாட பக்கத்தச் சுருக்கணுமாம். நடுவால பொதுவா ஒரு பங்கு எடுக்கணுமாம்."

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண் வந்து குடியேறுகிறவன். நான் மனைவியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்தோம். மகளுக்கு மாப்பிள்ளை வந்தார். நாங்கள் பின்பக்கத்து அறைக்குப் போனோம். இனிமேல் என் பக்கம் என்று சுருக்குவதற்கு மாமரத்தின் நிழல்தான் மிச்சம். அதுவும் பின்னேரத்தில் தானாகவே அடுத்த வளவுக்குப் போய்விடும்.

நேரே கேட்டேன். "என்ன மருமகன், என்ட பக்கத்தச் சுருக்கப் போறீங்களாம்?"

"ஓம் மாமா. கொம்பியூட்டர்ல."

விஷயம் இதுதான். வீட்டில் என் சொந்தச் சொத்து ஒரு கணினி. மருமகனின் மடிக்கணினி செத்துப்போன பிறகு, என்னுடையதில் என் விண்டோஸுக்குப் பக்கத்தில் அவருக்கென்று லினக்ஸையும் போட்டுக்கொண்டார். ஒரு பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். காலையில் போடும்போதே, விண்டோஸா லினக்ஸா, மாமாவா மருமகனா என்று கேட்கும்.

"பேத்திட போட்டோவ நீங்க பென்டிரைவ்ல ஏத்தித் தாறீங்க, நான் மறுகா பென்ல ஏத்தித் தாறன். பொதுப் பங்கு ஒண்டு இரிந்தா ரெண்டு பேரும் பாவிக்கலாம்தானே?"

காணி தப்பியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரை எழுதுகிறவன் நான். அச்சில் வந்தால் மகளின் குடும்பம் கலைந்துவிடும் என்று அனுப்பாமல் வைத்தவை ஒரு போல்டரில் இருந்தன. போல்டரின் பெயர் 'மருமகன்'. அவர் குளியலறைக்குள் போனால் ஊருக்கே தண்ணீர் வெட்டு வருவது, எங்கள் வீட்டு இறைச்சிக் கறியைத் தின்றபடியே தன் உம்மாவின் கறியைப் புகழ்வது, அந்த உம்மாவின் கறியை நாங்கள் ஒருமுறை தின்றுவிட்டு உயிரோடு திரும்பியது, எல்லாம் அதற்குள்.

"அந்தப் பொதுப் பங்கால என்ட பக்கத்துச் சாமான் தெரியுமா?"

"சே, நீங்க அதுக்குள்ள வைக்கிறது மட்டுந்தான். முதல்ல எல்லாத்துக்கும் கொப்பி எடுப்பம். சுருக்கக்குள்ள கரண்ட் போனா கரச்சல்."

கொப்பி எடுக்கிற சாக்கில் அவர் போல்டரைப் பார்த்துவிட்டால்? "அத நானே எடுக்கிறன். நீங்க போய்த் தேத்தண்ணி குடிங்க" என்றேன். எடுத்தும் முடித்தேன்.

பிறகு அவர் அமர்ந்தார். திரையில் என் பக்கம் நீளமான பட்டையாகக் கிடந்தது. ஓர் இலக்கத்தைத் தட்டினார். என் பட்டை குறுகி, நடுவில் வெறும் நிலம் விழுந்தது.

"உங்கட பக்கத்த ஏன் சுருக்கல்ல?"

"என்ட பக்கம் ஏலவே சின்னன் மாமா."

வேலி தள்ளுகிறவன் எவனும் சொல்கிற பதில். ஆனாலும் பொதுப் பங்கு உருவாகி, என் பக்கத்திலிருந்து திறந்தது. "இப்ப என்ட பக்கத்தாலயும் பாப்பம்" என்று லினக்ஸுக்குள் போனார். ஓரத்தில் பொதுப் பங்கு தெரிந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் தெரிந்தது. கை தவறியோ தவறாமலோ அதைத் தட்டினார். என் போல்டர்கள் அத்தனையும் வரிசைக்கு வந்து நின்றன.

"இது என்ன?"

"உங்கட பக்கம். லினக்ஸுக்கு விண்டோஸ் தெரியும். விண்டோஸுக்குத்தான் லினக்ஸ் தெரியாது."

"நான் பாஸ்வேர்ட் போட்டிரிக்கனே!"

"அது முன்வாசலுக்கு மாமா. இது பின்பக்கத்தால வாறது."

"எப்ப இரிந்து தெரியும்?"

"லினக்ஸ் போட்ட நாளையில இரிந்து."

'மருமகன்' நடுவரிசையில் பட்டப்பகலில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. பெயரைக் கண்ட எவனும் ஒருமுறையாவது பார்ப்பான். பார்க்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

"மருமகன், அதுக்குள்ள... போன நீங்களா?"

மௌஸைத் துடைப்பதுபோல் விரலால் தடவினார். "அந்தக் குளிக்கிற கதை பாதியில நிக்கிது மாமா."

"ஓம்."

"மறுகா என்ன நடந்த எண்டு எங்கட உம்மா கேக்கா."

"உம்மாவா?"

"போன்ல வாசிச்சிக் காட்டுறதான். கறிக் கதைய ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னா. வெள்ளிக்கிழம பகலைக்கி உங்க எல்லாரையும் சாப்பிட வரட்டாம். அவவே சமைக்காவாம்."

"சிரிச்சாவா?"

"போன்ல எப்படி மாமா தெரியும்?" என்று சொல்லி எழுந்து குளிக்கப் போனார்.