எதிர்ப்பக்கத்து நாற்காலிகள்

நான் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் டிங்கரிங் வேலை பார்க்கிறேன். எங்கேயோ மோதி நசுங்கி வரும் வண்டியைத் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. அங்கே அக்டோபர் பிறந்தாலும் வெயில் இறங்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லேபர் கேம்ப் ரூமின் ஏசி படுத்துக்கொண்டது. வெளியே நின்றால் வெயில், உள்ளே வந்தால் அடுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளையாட்டு அரங்கில் பாஸ்கெட்பால் மேட்ச் நடக்கிறது, டிக்கெட் இல்லை, சும்மாவே விடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரூமோடு கிளம்பிப் போனோம். ஆட்டம் பார்க்கப் போகவில்லை, குளிருக்காகப் போனோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பந்திக்காகக் கல்யாணத்துக்குப் போகிறவனும் கடைசியில் அட்சதை போட்டுவிட்டுத்தானே வருகிறான்.

எனக்குச் சிவகங்கைப் பக்கம். தெரிந்த ஆட்டம் கபடி ஒன்றுதான். பந்தைத் தூக்கிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று முதல் நாள் பாதி நேரம் தூங்கினேன். எங்கள் கூட்டத்தில் ஆட்டம் தெரிந்தவர் ஒரே ஒருவர், எங்கள் ரூமிலேயே தங்கி, பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். பள்ளிக்கூடத்தில் ஆடியவராம். "தம்பி, நித்திரை கொள்ளாதையும். உந்த நெட்டையனைப் பாரும், பந்து அவன்ரை கையில வந்தால் என்ன செய்யிறான் எண்டு பாரும்" என்று என் தொடையில் தட்டி எழுப்பினார். பார்த்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் ரெஃப்ரியை எழுந்து நின்று திட்டினேன். திட்டத் தொடங்கிவிட்டால் அப்புறம் அது நம் ஆட்டம்.

அது சம்பளத்துக்கு ஆடும் அணி. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நெட்டையன், உள்ளூர் அரபிப் பையன்கள் சிலர், லெபனான்காரர் ஒருவர். பெரிய அணி என்று சொல்ல முடியாது, ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனால் எங்கள் ரோட்டில் ஆடினார்கள். வாரத்தில் ஆறு நாள் "பாய்", "ஜல்தி", "யல்லா" என்று விரட்டும் இந்த மூன்று சொல்தான் என் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் கத்துவேன், அடுத்தவன் கேட்டுக்கொண்டு நிற்பான். அந்தச் சுகம் பட்டவனுக்குத்தான் தெரியும். ஒரு சீசன் போய் மறு சீசன் வந்தபோது கேம்ப் கேம்பாக ஆள் சேர்ந்துவிட்டது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, இலங்கை மலையகத்துப் பையன்கள் என்று ஒரு பக்கம் முழுக்க நம்மவர்கள்தான்.

அந்த "ஒரு பக்கம்" என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரங்கில் உட்கார இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பளபளவென்று நீல நாற்காலிகள். எதிர்ப்பக்கம் பழைய படிகள், அதற்கு மேலே மேடை கட்டி டிவி கேமரா வைத்திருப்பார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் நாங்கள் யாரும் யாரையும் கேட்காமல் கேமராவுக்குக் கீழே இருந்த படிக்கட்டுப் பக்கம்தான் திரும்பினோம். நீலப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது. இருந்தாலும் அது ஃபேமிலிக்கு. கல்ஃபில் பேச்சிலராக இருப்பவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளையும் இருந்தாலும் இங்கே அவன் பெயர் பேச்சிலர்தான். பார்க்கில் ஒரு பக்கம் ஃபேமிலிக்கு, கடற்கரையில் ஒரு பக்கம் ஃபேமிலிக்கு, ஹோட்டலில் மாடி ஃபேமிலிக்கு. நல்ல இடமாகத் தெரிந்தால் அது நமக்கில்லை என்று கால் தானாகவே விலகிப் போகும். புதிதாக வருகிறவன் யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் போனால் நாங்களே கூப்பிட்டு, "டேய், அது ஃபேமிலி சைடு, இங்கிட்டு வா" என்று இழுத்து உட்கார வைப்போம்.

மூன்றாவது சீசன் நடுவில் அணியின் பஸ் எங்கள் காராஜுக்கு வந்தது. பின்பக்கம் எவனோ இடித்திருந்தான். நான்தான் தட்டினேன், அந்த வருஷத்தில் நான் அவ்வளவு பொறுப்பாகத் தட்டிய வேலை வேறு இல்லை. பஸ் டிரைவர் பாகிஸ்தான்காரர், ஒரு பட்டான். டீ குடித்துக்கொண்டே, "அகலே சால் டீம் இதர் நஹி, பாய். கலாஸ்" என்றார். அடுத்த வருஷம் அணி இங்கே இருக்காது, ராஸ் அல் கைமாவுக்குப் போகிறது என்றார். ஏன் என்று கேட்டேன். "பப்ளிக் நஹி ஆத்தா." ஜனம் வருவதில்லையாம்.

சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. ஜனம் வருவதில்லையா? அப்படியானால் நாங்கள் யார்? திங்கட்கிழமை டியூட்டியில் தொண்டை கட்டிப்போய் போர்மேனிடம் கையால் பேசிக்கொண்டிருக்கிறேனே, அது யாருக்காக? பட்டான் மேல் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம். ஓனர் துபாயில் இருக்கிறார், நேரில் வருவதில்லை, எல்லாம் டிவியில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

செய்தி அன்று சாயங்காலமே கேம்ப் முழுக்கப் பரவியது. ராஸ் அல் கைமா ஒன்றும் வேறு நாடு இல்லை. ஆனால் வண்டி இல்லாதவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் ஆஃப் உள்ளவனுக்கு, அது ராமேஸ்வரத்திலிருந்து காசி மாதிரிதான். போனால் போனதுதான். ரூமில் யாழ்ப்பாணத்து அண்ணன், "ஆக்கள் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவாங்கள்? எங்கட சத்தம் காணாதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதுதான் காரணம், சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் டிரம் இரண்டை வெட்டிக் கொண்டுபோனோம். ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கிறவர் ஒருவர் எங்கள் கேம்பில் இருந்தார், அவர் கையில் கொடுத்தோம். கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. அன்று எங்கள் அணி ஜெயித்தும் விட்டது. குரல் போனாலும் போகட்டும் என்று ஆடிக்கொண்டே ரூமுக்குத் திரும்பினோம்.

ரூமில் எங்களோடு தங்கியிருக்கும் கிரேன் ஆபரேட்டர் கட்டிலில் படுத்திருந்தான். அவனுக்கு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் துறைமுகத்தில் டியூட்டி. அன்றுதான் முதல்முறையாக ஓய்வு நேரத்தில் மேட்சை போனில் பார்த்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "ஏண்ணே, ஹால் நிறைய ஆளு, திருவிழாக் கூட்டம்னு இத்தனை நாளா அளந்து விட்டியே. ஒரு ஈ, காக்கா இல்ல அங்க" என்றான்.

"என்னடா சொன்ன?" என்று பாய்ந்தேன். நடுவில் ஆள் விழுந்து பிடிக்காவிட்டால் அன்று அவனுக்கும் டிங்கரிங் நடந்திருக்கும்.

"என்னைய ஏன் அடிக்க வர்ற? நீயே பாரு" என்று போனை நீட்டினான்.

பார்த்தேன். நெட்டையன் ஓடுகிறான், பந்து போகிறது, கூடையில் விழுகிறது. பின்னால் வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். ஒருவர் இல்லை. ஒருவர்கூட இல்லை. டிரம் சத்தம் கேட்கிறது, எங்கள் கூச்சல் கேட்கிறது, நான் ரெஃப்ரியின் வம்சத்தையே இழுத்துத் திட்டியதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. ஆளைத்தான் காணோம். கேமரா எங்கள் தலைக்கு மேலே இருந்து எதிர்ப்பக்கத்தைத்தான் இவ்வளவு நாளும் காட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் மட்டும் பலமா இருக்கு, ரெக்கார்டு பண்ணிப் போடுறாங்கன்னு நினைச்சேன்" என்றான் கிரேன்காரன்.

யாழ்ப்பாணத்து அண்ணன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாங்கள் விட்ட இடம்தான் எங்களைக் கெடுத்திருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இன்னும் வராத ஏதோ ஒரு ஃபேமிலிக்காக மூன்று சீசன் அந்த நாற்காலிகளைக் காவல் காத்திருக்கிறோம்.

அடுத்த மேட்ச் நாளில் எல்லோரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டோம். விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதிரி தலை வாரிக்கொண்டோம். ஆனால் அரங்கின் வாசலைத் தாண்டியதும் கால்கள் பழையபடி படிக்கட்டுப் பக்கம் திரும்பின. "அங்கிட்டுப் போய் ஏதாவது பிரச்சினை ஆயிட்டா? விசா கொடுத்த கபீல் காதுக்குப் போனா வேலை போயிருமே" என்று புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இழுத்தார். அவர் பயம் நியாயம்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "போனாப் போகட்டும். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறவன் முதல்ல என்னையத் தள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு மைதானத்தின் ஓரமாக நடந்து எதிர்ப்பக்கம் போனேன். வாய்தான் வீரம் பேசியது. வேலை போனால் ஊரில் என் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா?

நீலப் பக்கத்தில் நேபாளி செக்யூரிட்டி ஒருவர் நின்றார். வாராவாரம் எங்களைப் பார்க்கிறவர்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தபடி, "பைட்டூ?" என்று கேட்டேன். உட்காரட்டுமா என்று.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஹமேஷா காலி ஹை, பாய். கிஸ்னே மனா கியா?" எப்போதும் காலியாகத்தானே கிடக்கிறது, யார் வேண்டாம் என்றது?

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே கயிறு இல்லை, போர்டு இல்லை, ஒன்றுமே இல்லை. முன்வரிசையில் நட்டநடுவில் போய் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது. திரும்பிக் கையைக் காட்டினேன். யாழ்ப்பாணத்து அண்ணன் வந்தார், டிரம் வந்தது, அப்புறம் அந்தப் பக்கமே எழுந்து வந்தது. நெட்டையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமல் நின்று எங்களையே பார்த்தான். அன்று அந்த அணி ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கிரேன்காரன் அன்றும் டியூட்டியில்தான் இருந்தான். போனில் எங்கள் முகங்களைப் பார்த்ததும் கிரேன் கேபினுக்குள்ளேயே விசில் அடித்தானாம்.

அதற்குப் பிறகு நாங்கள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எங்கள் காராஜில் பெயின்ட் அடிக்கும் பிலிப்பைன்ஸ்காரர், பாஸ்கெட்பால் என்றால் உயிரை விடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாமே ஆடிக்கொண்டிருப்பாரே தவிர எட்டிப் பார்த்ததில்லை. அவர் தன் கூட்டத்தோடு வந்தார். பட்டான்கள் வந்தார்கள், நேபாளிகள் வந்தார்கள். நாங்கள் இடம் விட்டு வைத்திருந்தபோது ஒருநாளும் வராத ஃபேமிலிகள், நாங்கள் உட்கார்ந்த பிறகு, கூட்டத்தைப் பார்த்து வந்தார்கள். எங்களுக்கு நடுவிலேயே இடம் கேட்டு உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா என் பக்கம் பாப்கார்னை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு நாள் அணியின் மேனேஜர் எங்கள் வரிசைக்கு வந்தார். கோட்டுப் போட்ட மனிதர், கண்ணில் தண்ணீர் நிற்காத குறை. மேட்ச் நேரத்திலும் ஆபீஸ் ரூமில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாராம். சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு ஏமாற்றுகிறாய் என்று ஓனர் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். "இவ்வளவு நாளும் நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். நாங்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்ததுபோல் கையை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினோம். அவர் அங்கே பார்த்தார், கேமராவைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

சீசனின் கடைசி மேட்சுக்கு ஓனரே வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட வயதான அரபி, கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நின்று பார்த்தார். உட்கார இடமில்லாமல் பழைய படிக்கட்டுப் பக்கமும் ஆள் நின்றது. ஆட்டம் முடிந்ததும் மைக்கில் அரபியில் ஏதோ அறிவித்தார்கள். புரியவில்லை. பிறகு இங்கிலீஷில் சொன்னார்கள். எங்களில் பாதிப் பேருக்கு அதுவும் பிடிபடவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேனேஜர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நேரே எங்கள் வரிசைக்கு வந்து, யாழ்ப்பாணத்து அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்து, உங்கள் பாஷையில் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் எழுந்து நின்று ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீம் எங்கேயும் போகேல்லையாம்! இஞ்சதான் நிக்குதாம்! எங்களுக்காகவாம்!"

கூரையில் இருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் தமிழ் கேட்டது. மறு நொடி அரங்கமே எழுந்து நின்றது, டிரம் அடிக்கிறவர் டிரம்மை விட்டுவிட்டு நெட்டையனைக் கட்டிக்கொள்ள மைதானத்துக்குள் ஓடினார், செக்யூரிட்டியும் அவர் பின்னாலேயே ஆடிக்கொண்டு ஓடினார். நான் பக்கத்தில் இருந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் தன் குடும்பத்தோடு வந்தவர், எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. அவரும் என்னை விடவில்லை.