அவளுக்கு மட்டும் நின்ன வண்டி

எங்க கார் என் கையில நடுவழியில அணைஞ்சு நிக்காது, என் பொண்டாட்டி கையில மட்டும் நிக்கும். ரெண்டு மாசமா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் சூப்பர்வைசர் நான். தோலை விரலால தடவியே எங்க பழுதுன்னு சொல்லிடுவேன். அந்தத் திமிரு வண்டி விஷயத்துலயும் இருந்துச்சு.

அவ வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். படுத்த படுக்கையா கிடக்குறவங்கள வீட்டுக்கே போய்ப் பாக்குற டீம்ல ஒரு இடம் காலியாச்சு. அமிர்தி பக்கத்து கிராமமெல்லாம் சுத்தணும், வண்டி ஓட்டத் தெரிஞ்ச நர்ஸ்தான் வேணும்னாங்க. இவளைத்தான் மொதல்ல கேட்டாங்க. பத்து வருஷமா அவ ஆசைப்பட்ட வேலை. அதுக்காகவே நாப்பது வயசுல டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் எடுத்தா. பழகினது எங்க வீட்டுக் கார்லதான், இருபத்தஞ்சு வருஷத்துப் பழைய கார்பரேட்டர் வண்டி.

காலையில கிளப்பும்போது ஒழுங்கா இருக்கும். இஞ்சின் சூடானதும் ஐடிலிங்ல, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதப்போ, குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். அவ சிக்னல்ல நிறுத்தினா ஒரு உதறு உதறி அணைஞ்சிரும். பிளக் மாத்தினேன், பெட்ரோல் ஃபில்டர் மாத்தினேன், ஐடிலிங் ஸ்குரூவைத் திருகித் திருகிப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. ஆனா நான் ஓட்டினா நிக்காதே! அப்போ தப்பு யார் மேல? "உனக்கு கிளட்ச் பேலன்ஸே வரலை, ஏன் இப்படி பேஜார் பண்றே"ன்னு வாய்க்கு வந்தபடி பேசினேன்.

ஒரு நாள் பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில திரும்புற இடத்துல வண்டி அணைஞ்சுபோச்சு. பின்னாடி வந்த லாரி ஒரு முழம் தள்ளித்தான் பிரேக் அடிச்சு நின்னுச்சாம். அவ போன் பண்ணி அழுதா. "அடி ஏதாவது பட்டுச்சா"ன்னு கூட நான் கேக்கல. "அப்பவே சொன்னேனே"ன்னேன். அதுக்கப்புறம் அவ சாவியைத் தொடலை.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு வர்ற வழியில, வண்டி என் கையிலயே நின்னுச்சு. ரெண்டு பேருமா பாய் பட்டறைக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். ரொம்ப வருஷப் பழக்கம் உள்ள மெக்கானிக். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. "இன்னா சார், ஆளையே காணோம்"னு பானெட்டைத் தூக்கினார். இஞ்சினை ஓடவிட்டு, எங்க காத்து ஒழுகுதுன்னு பாக்க கார்பரேட்டருக்கு அடியில ஸ்ப்ரே அடிச்சார். நடுங்கிக்கிட்டிருந்த இஞ்சின் சட்டுன்னு சீரா ஓடுச்சு.

"இந்த இடுக்குலதான் வெளிக்காத்தை இழுக்குது. உங்க கால் எப்பவும் ஆக்சிலேட்டர் மேலயே இருக்கும், எனக்குத் தெரியாதா? அதான் இத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கு. அம்மா முறையா காலை எடுத்துடுறாங்க, வண்டி அணைஞ்சிடுது."

அப்புறம் கார்பரேட்டரைக் கழட்டி, அடியிலிருந்து எதையோ நெம்பி எடுத்தார். கருகிச் சுருங்கின தோல் துண்டு. "யா அல்லா! எந்த மேதாவி சார் இது? காத்து போகாம அடைக்கிற கேஸ்கெட் இருக்கவேண்டிய இடத்துல தோலை வச்சிருக்கான்!"

அந்த மேதாவி நான்தான். மூணு மாசத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை, நானே கார்பரேட்டரைக் கிளீன் பண்ணப்போய் கேஸ்கெட் கிழிஞ்சுபோச்சு. பாய் பட்டறை பூட்டியிருந்துச்சு. வீட்டுல கிடந்த கம்பெனித் தோல் வெட்டுத்துண்டுல அளவெடுத்து, மயிரிழை பிசகாம வெட்டி வச்சேன். கொஞ்ச நாள் ஜோரா ஓடுச்சு, நானும் மறந்தே போய்ட்டேன். சூடு பட்டா தோல் சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா சோறு போடுறதே அதுதானே! அந்த லாரி இன்னும் ஒரு முழம் வந்திருந்தா, அவளை நானே கொன்னிருப்பேன்.

"நான்தான் பாய் வச்சேன்"னேன். அவர் புது கேஸ்கெட் எடுக்க உள்ள போய்ட்டார். அவ அந்தத் துண்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. திட்டப்போறாளோன்னு நின்னேன். திட்டியிருந்தா தேவலாம்.

"இனிமே வண்டி நிக்காது. நீயே ஓட்டு. நாளைக்கே அந்த டீம்ல பேர் குடுத்துடு"ன்னேன்.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேங்க, எனக்கு வண்டி ஓட்ட வராதுன்னு. சாயந்திரமே வேற ஒருத்தங்களைப் போட்டுட்டாங்க."