வெண்டைக்காய் முத்திரை

எங்கள் ஜனத்துக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாத்தியாருக்கே ஓட்டு இல்லையே என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டியிருந்தது எங்கள் இருளர் குடியிருப்பு. கரண்ட் கம்பி எங்கள் கூரைகளுக்கு மேலேயே போகும், கீழே மட்டும் இறங்காது. அந்தத் தடவை எங்கள் வார்டைப் பழங்குடிப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மெம்பராகிவிட்டால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் உட்கார்ந்து கரண்ட் கேட்கலாம் என்று நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, துணிந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. எங்கள் வீடுகளில் பாதிக்குக் கதவே கிடையாது. பூட்டு எப்படியிருக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் படம் வரைந்தேன்.

எதிர்த்து நின்றது வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தியும் சித்தப்பாவும் ஊர்க்காரர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக்கொண்டு, அங்கேயே குடிசை போட்டு இருந்தார்கள். அந்தத் தோப்புக்காரர்தான் சித்தியை ஏணிச் சின்னத்தில் நிறுத்தினார். சித்தி ஜெயித்தால் அவள் நாற்காலியில் உட்காரப்போவது யார் என்பது எனக்குக்கூடத் தெரியும். சித்தி எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுகிறவள், எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். இருந்தாலும் ஏணியை மட்டும் வேண்டுமென்றே கோணலாக வரைந்தேன்.

எங்கள் ஆட்களில் பலர் முன்பு ஓட்டுச் சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள். இந்த முறை ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று நைனா ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் அம்மாவின் புடவையைக் கட்டி ஒரு பூத் செய்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் ஓட்டுச் சீட்டு. காம்பை நறுக்கிய வெண்டைக்காய்தான் முத்திரை. அடுப்புக்கரியை அரைத்து மை செய்தோம். நான் ஆபீசர் என்பதால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். கட்டத்துக்குள் குத்த வேண்டும், மை எதிர்க்கட்டத்தில் ஒட்டாதபடி நீளவாக்கில் மடிக்க வேண்டும் என்று பெரியவர்களையெல்லாம் விரட்டி விரட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் சளைக்காமல் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாமா மட்டும் முத்திரையைத் தின்றுவிட்டார்.

அம்மா முறை வந்தபோது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டுலயும் குத்துனா இன்னா ஆவும்?"

"செல்லாது. யாருக்கும் போவாது."

"யாருக்குமேவா?"

ஒரே பாடத்தை எத்தனை தடவைதான் சொல்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆபீசருக்குரிய பொறுமையோடு மறுபடியும் சொன்னேன். புடவைக்கு வெளியே நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் என் பூத்தில் ஏணிக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. நைனா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணுவதற்கு நைனாவும் அத்தையும் காலையிலேயே பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது நைனாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வார்டில் ஊர்த்தெரு ஓட்டு தோப்புக்காரர் சொன்னபடி ஏணிக்குப் போகும் என்பது எதிர்பார்த்ததுதான். எங்கள் ஓட்டுதான் அதைவிட அதிகம். அது பூட்டுக்கு வரவில்லை, ஏணிக்கும் போகவில்லை. செல்லாத சீட்டுகள் ஒரு கட்டாகக் கிடந்தனவாம். எல்லாவற்றிலும் பூட்டில் ஒரு குத்து, ஏணியில் ஒரு குத்து. எல்லாமே கட்டத்துக்குள், அழகாக நீளவாக்கில் மடித்து.

எங்களில் யார் வயலில் எலி பிடித்தாலும் சரி, கிழங்கு தோண்டினாலும் சரி, வராத வீட்டுக்கும் ஒரு கூறு எடுத்து வைப்பது வழக்கம்.

"எலிக்கறி மாதிரி ஓட்டையும் கூறு போட்டுட்டிங்களா? அறிவு கெட்ட ஜனம்!" என்று நைனா நடுத்தெருவில் நின்று கத்தினார். நான் பூட்டில்தான் குத்தினேன் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். அம்மா சத்தியம் செய்யவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தி வந்தாள். போட்ட மாலையை வழியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். அத்தையின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தோற்றவள் ஜெயித்தவளின் கண்ணைத் துடைத்துவிட்டு, சோறு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டேன். ஏணி தோற்றால் மறுநாளே குடிசையைப் பிரித்துக்கொண்டு தோப்பைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தோப்புக்காரர் அவளிடம் சொல்லியிருந்தாராம், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அது குடியிருப்பில் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். கோபக்காரர் என்பதால் நைனாவிடம் சொல்லவில்லை, பொடிசு என்பதால் என்னிடம் சொல்லவில்லை.

அத்தை என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, என்னால்தான் நீ தோற்றாய் என்று அவள் மடியில் விழுந்து அழுதேன். அத்தை என் முதுகைத் தடவிவிட்டாள்.

"யாரு சொன்னது? நல்லாதான் சொல்லிக்குடுத்த கண்ணு. எல்லாருக்கும் நல்லாவே புரிஞ்சிகிச்சு."

என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னும் பெரிதாக அழுதேன்.