பேட்டரி இல்லாத போர்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல வீட்ல எர்த் சரியா இருக்கான்னு பாருங்க" என்று சொல்கிற ஆள் நான். நன்னிலத்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், காரணம் இல்லாமல் ஒரு விளக்குகூட மினுங்காது என்பது என் கட்சி. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் நாற்பத்தொரு குடும்பம் ஒரு பண்ணையின் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறது, என் அப்பாவும் அதில் ஒருவர். எந்தக் கழகம் மேடை போட்டாலும் உழுதவனுக்கே நிலம் என்பார்கள், ஆனால் குத்தகைதாரர் என்ற பதிவு மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. நாங்கள் வெறும் கூலி ஆட்கள் என்று பண்ணைத் தரப்பு மனுப் போட்டிருந்தது, அது ஜெயித்தால் அந்தச் சம்பா அறுவடையோடு எல்லாரும் வெளியே போக வேண்டியதுதான். குத்தகை நெல் அளந்த ரசீதுகள் வெள்ளத்தில் போய்விட்டன. அவற்றின் படங்கள் எங்கள் குத்தகை விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தன.

ஏற்றி வைத்தவர் சங்கத்தின் எழுத்தர் சாமிநாதன் சார். பத்து நிமிஷம் தாமதமாகப் போனதால் ஒரு வழக்கு கைவிட்டுப் போனதிலிருந்து, சங்கத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஓடவிட்டவர். ரசீதுகளுக்கென்று தானே ஒரு புரோகிராம் எழுதி, வேறு எந்த மெஷினிலும் திறக்காதபடி பூட்டியும் வைத்திருந்தார். விசாரணைக்கு எட்டு மாதம் முன்னால் இறந்துபோனார்.

"நகல் வேணாம், பதிஞ்ச மெஷினையே கொண்டாங்க" என்று தாசில்தார் சொல்லிவிட்டார். விசாரணை மூன்று மணிக்கு. அன்று காலையில் பார்த்தால் மெஷின் எழவில்லை.

சங்கத் தலைவி தனலெட்சுமி அக்கா ஆள் அனுப்ப, நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் போர்டு தன் கடிகாரத்தையும் அமைப்புகளையும் மறந்து கடையில் வாங்கிய நாளுக்குப் போய்விடும். தேதி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது. செத்த பேட்டரியைக் கழற்றினேன். புதுசு என் கைப்பையில் இருந்தது, முதலில் மெஷின் எழட்டும், எல்லாம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

விண்டோஸ் பழசு, போர்டோ புது முறையில் அதைத் தேடிக்கொண்டிருந்தது. போர்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பழைய முறைக்கு மாற்றினேன். விண்டோஸ் தலையைக் காட்டியது, உடனே நீலத் திரை விழுந்து செத்தது. ஐந்து தடவை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன், மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

"என்ன ரெஜினா, முடியுமா முடியாதா, சொல்லிடு" என்றார் அக்கா.

"சும்மா இருங்கக்கா, படுத்தாதீங்க."

ஆறாவது தடவை அமைப்புக்குள் போனேன். ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் பேசவேண்டும் என்கிற வரி, நான் தொடவே தொடாத வரி, பழைய முறைக்கு மாறியிருந்தது. மேலே தேதியும் சரியாக இருந்தது. "அக்கா, நீங்க எதையாவது தொட்டீங்களா?" என்றேன். "நான் எங்கடி தொட்டேன், பயந்துகிட்டு இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார். சேமித்து வெளியே வந்தேன். விண்டோஸ் சமர்த்தாக எழுந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரை மூலையில் மணி இரண்டே கால். ஒரு ரசீதைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை என்று ஒயரைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிப் பறந்தோம். தாலுகா ஆபீஸுக்குள் நுழைந்தபோது தாசில்தார் ஜீப்பில் காலை வைத்துக்கொண்டிருந்தார், எங்கேயோ வாய்க்கால் கரை உடைப்பாம். "ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா போயிருப்பேம்மா" என்று திரும்பி வந்தார்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தேன். ஒரே மூச்சில் எழுந்தது. ஒவ்வொரு குடும்பமாக ரசீதுகள் வந்தன, பண்ணையின் கையெழுத்தோடு. என் அப்பா பெயர் வந்தபோது நான் சத்தமாகவே படித்தேன். நாற்பத்தொன்றும் முடிந்ததும் பண்ணை வக்கீல் தன் காகிதக் கட்டை மூடிக் கட்டிவிட்டார். பதிவு எங்கள் பெயருக்கு வந்தது, அந்தச் சம்பாவை நாங்களே அறுத்தோம். அன்று ஆபீஸ் வாசலில் நின்று தனலெட்சுமி அக்கா போட்ட குலவை இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் குலவைக்கு நடுவில்தான் முகம் துடைக்கக் கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். புது பேட்டரி உறை பிரிக்காமல் கிடந்தது.

சில போர்டுகளில் பேட்டரி இல்லாமலும் அமைப்புகள் தங்கும் என்பீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். கடிகாரம்? ஒயரைப் பிடுங்கினால் அதற்கு உயிர் ஏது? திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தேன், பிறகு ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். திரையில் மணி பத்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் கிளம்பியிருந்தோம்.

சங்கத்துக்கு வேறு மெஷின் வாங்கியாகிவிட்டது. அந்தப் போர்டு என் கடை அலமாரியில் இருக்கிறது, பேட்டரி குழி காலியாகவே. போன வாரமும் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். தேதி சரி. மணி பத்து நிமிஷம் முன்னால். எத்தனையோ கம்ப்யூட்டர்களின் நேரத்தைத் திருத்தியிருக்கிறேன், இதை மட்டும் திருத்த எனக்குக் கை வரவில்லை.