பாடிக்கொண்டு போன ஆம்புலன்ஸ்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் எழுத்திலேயே நின்று முக்குவார். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். ஆனால் அதே மனிதர் பாட ஆரம்பித்தால் ஒரு சொல் கூடத் தடுக்காது. மெட்டு முன்னால் போனால் சொல் தானாகப் பின்னால் வந்துவிடும்.

அவர் மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கல்யாணமான புதிதில், சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதைச் சொல்ல முடியாமல் தட்டு ஆறும் வரை அவர் திண்டாடியிருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் பாடிவிட்டார். குறை சொல்வதை இவ்வளவு இனிமையாக யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு முழுக்கப் பாட்டுதான். பால் வாங்கி வரச் சொல்வதும் பாட்டு, தலைவலி என்பதும் பாட்டு. அந்நியர் முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். வண்டியில் பேச்சைக் கூட வரும் நர்ஸ் பார்த்துக்கொள்வாள், ஸ்டியரிங்கை அவர் பார்த்துக்கொள்வார்.

ஊர் நடுவே ஓடும் கால்வாய்க்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அந்த ஏற்பாடு போதவில்லை. நடுவில் இருந்தது ஒரே பாலம். அதன் இரண்டு முனையிலும் தகர டிரம்களையும் உடைந்த கட்டில்களையும் போட்டு ஆட்கள் காவல் நின்றார்கள். வருகிறவனை நிறுத்திப் பேசச் சொல்வார்கள். இரண்டு கரைக்கும் பேச்சில் ஒரு இழுவை வித்தியாசம் உண்டு. அதை வைத்தே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நடப்பதை ஆஸ்பத்திரியில் தையல் போடுகிறவர்கள்தான் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி இருந்தது இக்கரையில். ரேடியோவும் இக்கரைக்காரர். ஆனால் அதைப் பேசிக் காட்ட அவரால் முடியாது. வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு மறுபடி கழற்றுவார். போகாதீங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க என்று மனைவி தினமும் சொல்லிப் பார்த்தாள். அவருக்கும் ஆசைதான். ஆனால் இன்னொரு ஓட்டுநர் கல்லடியில் வண்டிக் கண்ணாடி உடைந்த அன்றே சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார். வேறு ஆள் இல்லை.

ஒரு மத்தியான நேரம் அக்கரையிலிருந்து போன் வந்தது. எட்டு வயதுப் பெண் குழந்தை, ஆஸ்துமா, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. போகும்போது தொல்லை இருக்கவில்லை. இக்கரை முனையில் நின்றவர்கள் தெருவில் தெரிந்த முகங்கள், கையசைத்து விட்டுவிட்டார்கள். அக்கரையில் குழந்தையின் அப்பாவே டிரம்களைத் தள்ளி வழிவிட்டார். தான் கூட வந்தால் உயிரோடு திரும்ப முடியாது என்று தெரிந்து அங்கேயே நின்றுகொண்டார். தாய் மட்டும் ஏறினாள். எது நடந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம் என்று நர்ஸ் அவளிடம் சொல்லிவைத்தாள்.

வண்டி நகர்ந்ததும் குழந்தை முகமூடியைப் பிடுங்கி எறியப் பார்த்தது. மருந்துப் புகை உள்ளே இறங்கவில்லை. பயத்தில் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தது, விடத் தெரியவில்லை. நர்ஸ் நடுக் கண்ணாடியைத் திறந்து, “அண்ணே, பயத்துலதான் இன்னும் இழுக்குது. எதையாவது பாடுங்க, மெதுவா. வரிய நீட்டி நீட்டிப் பாடுங்க” என்றாள்.

ரேடியோவுக்குக் காது சூடேறியது. இருந்தாலும் பாடினார். பெரிய ராகம் ஒன்றுமில்லை, வீட்டில் பால் வாங்கப் போகும்போது பாடுகிற மெட்டுதான். பாலம் வருது, தண்ணி தெரியுது, ஊதும்மா ஊது என்று வரியின் கடைசியை இழுத்துக்கொண்டே போனார். அந்த இழுப்போடு சேர்ந்து நர்ஸ் ஊதிக் காட்டினாள். இரண்டு மூன்று வரி தவறியது. பிறகு குழந்தை மெல்ல மெல்ல அந்த இழுப்புக்கு மூச்சை விட ஆரம்பித்தது. முகமூடிக்குள் மருந்து இறங்கியது.

இக்கரை முனைக்கு வந்தபோது பாட்டு பாதியில் நின்றுவிட்டது. அங்கே நின்றவர்கள் மாறியிருந்தார்கள். ஒரு முகம் கூடத் தெரிந்ததில்லை. ஆம்புலன்சில் ஆயுதம் கடத்துகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்த வதந்தி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. இரும்புக் கம்பி வைத்திருந்த ஒருவன் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

“யாருடா நீ? எந்தப் பக்கம்? உள்ள யாரு?”

“ந... ந...”

“வாயத் தொறந்தா மாட்டிக்குவான்ல, அதான் நடிக்கிறான்.”

கீழே இழுத்துப் போட்டார்கள். முழங்கால் தாரில் தேய்ந்தது. பின் கதவை இன்னொருவன் உதைத்தான்; உள்ளே குழந்தை அலறி, அலறல் பாதியில் அடைத்துக்கொண்டது. முகமூடியைப் பிடித்திருந்த நர்ஸ் உள்ளிருந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. ரேடியோவுக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட நின்றது, நாக்கு அசையவில்லை. கம்பி மேலே போவதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

“நக்கலாடா? எங்ககிட்டயே பாட்டா?” என்று கம்பிக்காரன் கத்தினான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு வெல்டர் உள்ளே நுழைந்து அந்தக் கையைப் பிடித்தான். “விடுடா. இவரு நக்கல் பண்ணல. என் தங்கச்சியும் இப்படித்தான். பேச வராது, பாட்டா சொன்னா வந்துடும்” என்றவன் ரேடியோவின் பக்கம் குனிந்து, “பாடியே சொல்லுங்கண்ணே, உள்ள யாரு?” என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். இக்கரைக் குழந்தை என்று ஒரு வார்த்தை போதும். பொய்யை யோசித்துக் கட்டுவதற்கு மெட்டு நிற்கவில்லை. எட்டு வயசுப் பொண்ணு, அக்கரைப் பொண்ணு, கூட அவ அம்மா, ஆயுதம் இல்ல, மூச்சுதான் இல்ல, வழி விட்டா பொழைச்சுக்கும் என்று அவர் வாய் பாடிவிட்டது. பாடி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

கம்பிக்காரன் போய்ப் பின் கதவைத் திறந்து பார்த்தான். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் அவனையே பார்த்தன. தாய் குழந்தையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். அவன் கதவைச் சாத்தினான், சத்தம் வராமல் சாத்தினான். பிறகு தானே போய் ஒரு டிரம்மை உருட்டினான்.

குழந்தை பிழைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த ரேடியோ சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். அன்று அவருக்குப் பாட்டும் வரவில்லை.

மறுநாளும் போனார். சைரனைக் கேட்டால் போலீஸ் வண்டி என்று நினைத்துக் கல்லெறிந்தார்கள். அதனால் நர்ஸ் சைரனை அணைக்கச் சொன்னாள். பாலத்துக்கு முன்பே கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் பாடிக்கொண்டு போனார். வெல்டர் சொல்லி இக்கரையிலும், குழந்தையின் அப்பா சொல்லி அக்கரையிலும் விஷயம் பரவியிருந்தது. குரல் கேட்டதும் டிரம்கள் நகரும். எல்லா நாளும் நகர்ந்தன என்று சொல்ல முடியாது. ஒரு நாள் எங்கிருந்தோ வந்த கல் இடது புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய, குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்க, பாட்டை நிறுத்தாமல் கரை சேர்ந்தார். அந்தக் கண்ணில் இன்றும் பார்வை கொஞ்சம் மங்கல்தான்.

கடைசியில் இரண்டு கரைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசச் சம்மதித்தபோது, இடம் ஆஸ்பத்திரி என்று முடிவானது. அக்கரைக்காரர்களை யார் கூட்டி வருவது என்று கேள்வி வந்தது. போலீஸ் வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள் அவர்கள். அந்தப் பாட்டுக்காரர் ஓட்டினால் வருகிறோம் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் போடும் இடத்தில் மூன்று பெரிய மனிதர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். அவர்களும் பயந்துதான் இருந்தார்கள். வழியெல்லாம், பாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க என்று ஒருவர் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே வந்தார். பேச்சுவார்த்தை முறிந்தது, மறுபடி கூடியது. ரேடியோ அவர்களைக் கொண்டுவந்தார், கொண்டுபோய் விட்டார். ஒரு வழியாகக் கல்லெறி நின்றது.

டிரம்களையும் கட்டில்களையும் லாரியில் அள்ளிக்கொண்டு போன பிறகு முதல் தடவை பாலம் ஏறியபோது, ஒன்றுமே இல்லாத இடத்தில் ரேடியோ பிரேக்கை மிதித்து நின்றார். பின்னால் வந்த பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்து, தூங்குறியா என்று திட்டினார்.

“யாரும் இல்லண்ணே, போகலாம்” என்றாள் நர்ஸ்.

அவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டார்.