துரை சொன்ன ஒரு சொல்

அப்பா போன மாதம் இறந்தார். கடைசி வாரத்தில் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார்.

"சரி கண்ணு, வெளங்கிப்போச்சு" என்றார்.

தெரியாத சொல்லுக்கு அவர் யாரிடமும் பொருள் கேட்டதில்லை. எப்போது சொன்னார்கள், சொன்னதும் என்ன நடந்தது என்று பார்ப்பார். பெரும்பாலும் சரியாக வரும். ஒருமுறை வரவில்லை.

1958. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்பா ராமுலு தற்காலிக ஹெல்பர். புது நூற்பு மெஷினைப் பூட்டிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். அவருடைய பேச்சை ஊகித்துச் சரியான ஸ்பானரை எடுத்து நீட்டியவர் அப்பா ஒருவர்தான். சோதனை ஓட்டம் ஒழுங்காக முடிந்தால் ஃபிட்டர் வேலை நிரந்தரம் என்று முதலாளி வரதராஜுலு சொல்லியிருந்தார்.

தினமும் மத்தியானம் துரை "மால்ட்சைட்" என்பார். உடனே மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அப்படியென்றால் 'நிறுத்து' என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

சோதனையன்று சாயங்காலம் வரை மெஷின் நிற்கக் கூடாது. விருந்தாளிகளுக்குப் பக்கத்து வராந்தாவிலேயே இலை போட்டார்கள். முதலாளி சோற்றில் கை வைத்தார். துரை எல்லோரையும் பார்த்துச் சத்தமாக, "மால்ட்சைட்!" என்றார்.

அப்பா ஓடிப்போய் சுவிட்சை அமுக்கினார்.

நூல்கள் வரிசையாக அறுந்தன. சாம்பார்க் கையோடு முதலாளி ஓடிவந்தார்.

"ஏனப்பா, ஆரு நிறுத்தச் சொன்னது?"

"தொரைதானுங்க."

முதலாளி துரையிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். "நல்லாச் சாப்புடுங்கன்னு சொன்னாராமா!"

"அதை வேற சொல்லோணுங்களா? எலையில போட்டாத் தன்னால சாப்புட மாட்டமுங்களா?"

"அப்ப நிறுத்துன்னா என்னய்யா சொல்லுவாரு?"

"அதுக்கு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க. கத்திக்கிட்டே ஓடியாந்து அவரே நிறுத்திப்போடுவாருங்க."

முதலாளி இதை மொழிபெயர்த்ததும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். நூலைப் பிணைத்து மறுபடி ஓட்டினார்கள். இருட்டும்வரை மெஷின் நிற்கவில்லை. போகும்போது துரை முதலாளியிடம் நீளமாக ஏதோ பேசினார். முதலாளி அப்பாவைப் பார்த்தார், தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அறிவித்தார்: "அம்புஜம், நான் ஃபிட்டர் ஆயிட்டேன்."

"மொதலாளி வாயைத் தொறந்து சொன்னாருங்களா?" என்றாள் அம்மா.

"இல்ல."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். வேலை நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வந்தது.